வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன? ஊர் சுற்ற வைக்கும் வீடியோ கேம்களின் கதை

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வால்பாறை பஸ் ஏறுகிறவர்கள் இரண்டு வகை. ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்கள் ஒரு வகை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை முதல் வகையினரைப் பற்றியது (இரண்டாம் வகையினருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்).

ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்; இந்தச் சாலையைப் போட்டவர் என்று சொல்லப்படுகிற லோம் என்ற வெள்ளைக்காரரின் பெயர். அங்கிருந்து பார்த்தால் கீழே அணை முழுசாகத் தெரியும். அடுத்த வளைவில் அணை காணாமல் போய்விடும், பாறைச் சுவர்தான். அதற்கடுத்த வளைவில் மறுபடியும் அணை, இன்னும் கொஞ்சம் சின்னதாக, இன்னும் கீழே. இந்த வழியில் வரையாடு நிற்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எந்த வளைவில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் ஜன்னல் சீட்டுக்காரர் 40 வளைவுக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே வருவார்.

எஸ்டேட்டுக்குப் போய்வரப் போட்ட ரோடு இது. யாருக்கும் ஆர்வம் ஊட்டவேண்டும் என்று யாரும் திட்டம் போட்டு வளைக்கவில்லை. மலை அப்படி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இதே வித்தையை, 'அந்தப் பக்கம் என்ன இருக்கும்?' என்று ஒருவரை நகர வைக்கிற வித்தையை, ஒரு டிவி பெட்டிக்குள் கொண்டுவருவதற்கு வீடியோ கேம் செய்கிறவர்கள் ஏறக்குறைய 50 வருடங்களாகப் போராடி வருகிறார்கள். அதில் சிலர் ஜெயித்ததும் பலர் கோட்டை விட்டதும் சுவாரஸ்யமான வரலாறு.

முதலில் நம்ம ஊர் ஆட்டங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் புலி எங்கே, ஆடு எங்கே என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பல்லாங்குழியில் எந்தக் குழியில் எத்தனை சோழி என்று எண்ணிக்கொள்ளலாம். தாயக்கட்டத்தில் கட்டை விழுகிற எண் மட்டும்தான் தெரியாது, பாதை தெரியும். பரமபதப் படத்திலோ எந்தப் பாம்பு எங்கே வாயைத் திறந்து காத்திருக்கிறது என்பது ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே வரைந்து வைக்கப்பட்டிருக்கும். பலகை ரகசியம் காக்காது. அதற்கு அந்த வசதி கிடையாது.

ரகசியம் வைத்து ஆடுகிற ஆட்டமும் நம்மிடம் உண்டு. கிச்சு கிச்சு தாம்பாளம்! மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு சின்னக் குச்சியை ஒளித்து, எதிரில் இருப்பவர் இரண்டு கையையும் கோத்து மணல் மேல் வைத்து 'இங்கேதான்' என்று சொல்லவேண்டும். ஒரு குச்சி, ஒரு பிடி மணல். அவ்வளவுதான் செலவு. ஆனால் குச்சி மணலுக்குள் இருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரியவேண்டும். 'இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்றால் யாரும் விளையாட மாட்டார்கள். விடுகதையும் இதே ஜாதிதான். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது.

ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1994-ல் இதைத்தான் ஒரு கொள்கையாகவே எழுதினார். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதை மனசு கவனிக்கும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்றார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆர்வம் வராது. எல்லாம் தெரிந்த விஷயத்திலும் வராது. அணை ஒருமுறை தெரிந்து மறைந்தால்தான் கழுத்து திரும்பும்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர் ரகசியம் காக்கும். ஒரு பெரிய உலகத்தையே உள்ளே வைத்துக்கொண்டு ஒரு துண்டை மட்டும் காட்டும். இதை முதன்முதலில் உருப்படியாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் வில் குரோதர். அவர் கதை கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தக்கது.

குரோதர் அமெரிக்காவில் பிபிஎன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த புரோகிராமர். இன்டர்நெட்டின் பாட்டனான ஆர்ப்பாநெட்டை ஓடவைத்த குழுவில் இருந்தவர். வார இறுதிகளில் அவரும் மனைவி பாட்ரீசியாவும் குகைகளுக்குள் இறங்குவார்கள். சும்மா வேடிக்கை பார்க்க அல்ல, அளந்து வரைபடம் போட. கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்று ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே நீளமான குகை அதுதான். அதுவும் பக்கத்தில் இருந்த ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைகளும் உள்ளுக்குள் ஒன்றோடு ஒன்று சேர்கின்றன என்பதை 1972 செப்டம்பரில் ஒரு குழு தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது. அந்தக் குழுவில் பாட்ரீசியா இருந்தார். அளந்து கொண்டுவந்த கணக்குகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்குவது இருவருக்கும் வழக்கம்.

பிறகு அந்தத் திருமணம் முறிந்தது. குகைக்குப் போவதும் நின்றுபோனது. இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் வரும்போது விளையாட ஏதாவது செய்யலாம் என்று 1975-76 வாக்கில் குரோதர் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தார். அதில் அவர் கட்டியது அதே மாமத் குகையின் ஒரு பகுதி! படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் நிற்கிற இடத்தைப் பற்றி மெஷின் இரண்டு மூன்று வரி எழுத்தில் சொல்லும். நீங்கள் இரண்டு வார்த்தையில் பதில் அடிக்கவேண்டும். விளக்கை எடு, கிழக்கே போ, இப்படி. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பயப்படக்கூடாது என்பதற்காகவே சாதாரணப் பேச்சு வார்த்தைகளை வைத்தாராம்.

1976-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் என்ற மாணவர் கண்ணில் இது பட்டது. எழுதியவரை எப்படிப் பிடிப்பது? ஆர்ப்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'குரோதர்' என்ற பெயருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டார் (இன்றைக்கு அப்படிச் செய்தால் ஸ்பாம் என்று தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள்!). குரோதர் சம்மதம் கொடுத்தார். வுட்ஸ் அதில் புதையல்களும் மாயாஜாலமும் சேர்த்து 1977-ல் வெளியிட்டார். அதுதான் 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்'. இந்த ஆட்டம் எந்த ஆபீசுக்குள் நுழைந்ததோ அங்கே இரண்டு வாரம் வேலை நடக்காது என்று ஒரு ஜோக்கே உண்டு.

இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் எல்லோரும் பக்கத்தில் ஒரு பேப்பர் வைத்துக்கொண்டார்கள். அறைக்கு ஒரு வட்டம், வழிக்கு ஒரு கோடு. வரைபடம் போடச் சொல்லி மெஷின் கேட்கவே இல்லை, ஆனாலும் போட்டார்கள். குரோதர் தம்பதி குகைக்குள் செய்த அதே வேலையை, குகையையே பார்க்காத ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் மேஜையில் உட்கார்ந்து செய்தார்கள். இந்த ஆட்டத்தை ஆடிப் பழகிய ஒருவர் பிற்காலத்தில் நிஜக் குகைக்குப் போனபோது வழி சொல்லாமலேயே நடந்தார் என்று குகைப் பயணிகள் மத்தியில் ஒரு கதை உலவுகிறது. கதையாக இருக்கலாம். ஆனால் டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் குரோதரின் பழைய புரோகிராமைத் தேடி எடுத்து, நிஜக் குகைக்கும் போய் ஒப்பிட்டு 2007-ல் கட்டுரை எழுதினார். பெரும்பகுதி அப்படியே பொருந்தியது.

அடுத்து வருகிறவர் வாரன் ராபினெட். அவருடையது ஒரு குறும்பு. அட்டாரி நிறுவனத்தில் ஆட்டம் செய்கிறவர்களின் பெயரை எங்கேயும் போடமாட்டார்கள். ராபினெட் கொலோசல் கேவை ஆடிப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைப் படங்களோடு செய்தார். 'அட்வென்ச்சர்' என்ற பெயரில் 1980-ல் வந்தது. அதில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு சரியான சுவருக்குப் போனால் ஒரு ரகசிய அறை திறக்கும். உள்ளே அவர் பெயர்! கம்பெனிக்கே தெரியாது. யாரோ ஒரு பையன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையை விட்டே போயிருந்தார். இப்படி ஒளித்துவைப்பதற்கு 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் வந்தது இதிலிருந்துதான். மணலுக்குள் குச்சி.

கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பானிலும் ஒரு குகைதான் ஆரம்பம். ஷிகேரு மியாமோட்டோ கியோட்டோ பக்கம் சோனோபே என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். சிறு வயதில் காட்டுப்பக்கம் சுற்றும்போது ஒரு குகை வாயைப் பார்த்தார். உடனே உள்ளே போகவில்லை, பயம். பிறகு ஒருநாள் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986 பிப்ரவரியில் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜன்ட் ஆஃப் செல்டா' ஆரம்பிக்கும்போது உங்களுக்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. ஒரு பொட்டல் வெளி, மூன்று பக்கம் வழி, பாறையில் ஒரு கறுப்பு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் போகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. போகாமல் இருக்கவும் முடியாது. உள்ளே ஒரு கிழவர் கத்தி கொடுப்பார். முதலில் ஆரம்பத்திலேயே கையில் கத்தி இருந்ததாம். சோதனை ஆட்டத்தில் பலர் வழி தெரியாமல் குழம்பினார்கள். உதவி சேர்ப்பதற்குப் பதிலாக மியாமோட்டோ கத்தியையும் பிடுங்கிக்கொண்டார்! ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. இந்த ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனபோது கூடவே ஒரு வரைபடமும் வந்தது, அதில் சில இடங்கள் வேண்டுமென்றே வெற்றாக விடப்பட்டிருந்தன.

அதற்குப் பிறகு மெஷின்கள் வளர்ந்தன. உலகங்கள் பெருத்தன. இங்கேதான் ஒரு கோணல் விழுந்தது. பெரிய உலகத்தில் ஆட்டக்காரர் தொலைந்துபோவாரே என்ற கவலையில் எல்லாவற்றையும் காட்ட ஆரம்பித்தார்கள். 2007-ல் யூபிசாஃப்ட்டின் 'அசாசின்ஸ் கிரீட்' வந்தது. கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் சுற்றியுள்ள பகுதி வரைபடத்தில் திறந்துகொள்ளும். முதல்முறை அது அற்புதம்தான், லோம்ஸ் வியூ மாதிரி. ஆனால் இதையே பின்னால் வந்த ஏகப்பட்ட ஆட்டங்கள் காப்பியடித்தன. கோபுரம் ஏறு, வரைபடம் முழுக்கக் குறிகள் முளைக்கும், ஒவ்வொன்றாகப் போய்த் தொடு. இது ஊர் சுற்றுவது அல்ல, மளிகைக் கடை லிஸ்ட். லிஸ்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் 'என்ன இருக்கும்?' என்ற கேள்விக்கு இடமில்லை. சதுர கிலோமீட்டர் கணக்கில் உலகம் கட்டிவிட்டு, அதைப் பார்க்கவே தேவையில்லாமல் செய்துவிட்டார்கள். ஆட்டக்காரர் கண் மூலையில் இருக்கும் குட்டி வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்.

இதற்குப் பதில் சொன்னதும் பழைய செல்டா குடும்பம்தான். 2017 மார்ச்சில் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' வந்தது. அதே வருடம் ஜப்பானில் நடந்த செடெக் மாநாட்டில் அதைச் செய்தவர்கள் தங்கள் வித்தையை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆரம்ப வடிவத்தில் ஆட்டக்காரர்கள் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ஒரே கோட்டில் போனார்களாம். தங்களை யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போகிற உணர்வு. எனவே நிலத்தையே மாற்றினார்கள். எங்கு பார்த்தாலும் முக்கோணம்: மலை, குன்று, பாறை. முக்கோணத்துக்கு இரண்டு குணம். ஒன்று, ஏறுவதா சுற்றிப் போவதா என்று உங்களை யோசிக்க வைக்கும். இன்னொன்று, பின்னால் இருப்பதை மறைக்கும். ஆனால் நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும். பெரிய முக்கோணம் தூரத்து அடையாளம், நடுத்தரமானது பார்வையை மறைக்க, சின்னது நடையின் தாளத்தை மாற்ற. உலகத்தின் தூரங்களை முடிவு செய்யத் தங்கள் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். நடந்து பழகிய ஊர் அல்லவா.

ஆழியாறிலிருந்து மேலே வருகிற எவருக்கும் இந்த முக்கோணம் புதிதல்ல. ஆனால் வால்பாறைக்கு மேலே போனபிறகு அந்த ஊர் வேறொரு பாடமும் வைத்திருக்கிறது. அது வீடியோ கேமுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், சம்பந்தம் உண்டு.

வால்பாறை பீடபூமி முழுக்கத் தேயிலை. நடுநடுவே மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைகள் ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகத்தான் போகவேண்டும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடப்பவர், வளைவு திரும்பியதும் எதிரே யானை. உயிரிழந்தவர்களில் பலர் இப்படி, அங்கே யானை நிற்பது தெரியாமலே போய் மாட்டியவர்கள் என்று இங்கே பல வருடம் ஆராய்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் கண்டறிந்தார்கள். ஆகவே லோக்கல் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, மொபைலுக்கு எஸ்எம்எஸ், 2011-லிருந்து கம்பத்தில் சிவப்பு விளக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் உள்ளூர்க்காரர்களே மொபைலில் அழைத்து விளக்கை எரியவிடலாம். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

அந்தச் சிவப்பு விளக்கு யானை எந்தப் புதருக்குப் பின்னால் நிற்கிறது என்று சொல்வதில்லை. எந்த வழியில் போ என்றும் சொல்வதில்லை. 'இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது. மீதி முடிவு நடப்பவருடையது. மறைக்கக்கூடாத ஒன்று உண்டு, அது ஆபத்து.

குரோதருக்கு இது தெரிந்திருந்தது. குகைக்குள் இறங்கியவர் ஆயிற்றே. அவருடைய ஆட்டத்தில் விளக்கில்லாமல் இருட்டுக்குள் காலெடுத்து வைத்தால், மேலே போனால் குழிக்குள் விழக்கூடும் என்று மெஷின் எச்சரித்துவிடும். அதற்குப் பிறகும் போனால் உங்கள் பாடு. ஆனால் 1980-களில் வந்த பல சாகச ஆட்டங்கள் இதை மறந்துவிட்டன. சியெரா கம்பெனியின் 'கிங்ஸ் குவெஸ்ட்' (1984) வகை ஆட்டங்களில் சும்மா ஓரடி தவறாக வைத்தாலே சாவு. செத்தபிறகுதான் அங்கே ஆபத்து இருந்ததே தெரியும். விளைவு? ஆட்டக்காரர் ஓரடிக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டு பயந்து பயந்து நடப்பார். லூகாஸ்ஃபிலிமில் இருந்த ரான் கில்பர்ட் 1989-ல் இதைத் திட்டி ஒரு கட்டுரையே எழுதினார்: ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஆட்டக்காரர் சாகவேண்டிய நிலை வரக்கூடாது என்று. அடுத்த வருடமே 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்' ஆட்டத்தில் செய்தும் காட்டினார். பயம் குறைந்த இடத்தில் ஜனங்கள் எல்லா மூலையையும் குடைந்து பார்த்தார்கள்.

சமீப காலத்தில் இந்த வழியில் அதிக தூரம் போனது 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019). அலெக்ஸ் பீச்சம் என்பவர் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும்போது செய்த புராஜெக்ட்டாக ஆரம்பித்தது (புராஜெக்ட்டைக் கடைசி வாரத்தில் காப்பியடிக்கும் கண்மணிகள் கவனிக்க!). ஒரு குட்டி சூரிய மண்டலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். புதிய ஆயுதம், பலம், பணம் எதுவும் சேராது. சேர்வது ஆட்டக்காரருக்குத் தெரியவந்த விஷயம் மட்டுமே. ஆட்டத்தின் கடைசிக்குப் போகிற வழி முதல் நிமிடத்திலிருந்தே திறந்துதான் இருக்கும், தெரியாததால் போகமாட்டீர்கள். 2020-ல் பாஃப்டா சிறந்த ஆட்டத்துக்கான விருது பெற்றது.

தமிழில்? இருக்கிறது. அதில் மலையும் இல்லை, குகையும் இல்லை, ஒரு சமையலறைதான். டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. உருவாக்கியவர் அபி. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ஆனால் கிழிந்தும் கறைபட்டும் பாதி வரிகள் போய்விட்டன. மீதியை ஆட்டக்காரர் ஊகிக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும்? புட்டுக் குழாயில் எதற்குப் பிறகு எது? ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தப்பாகச் செய்தால் யாரும் சாகமாட்டார்கள், மறுபடி வைக்கலாம். 2024-ல் ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசும், அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டாவும் இதற்குக் கிடைத்தன.

மதுரையிலோ கோவையிலோ வளர்ந்தவருக்கு இட்லித் தட்டு ஒரு புதிரா என்று சிரிப்பு வரலாம். அமெரிக்காவில் ஒருவருக்கு அது குகை வாய். அதைவிடக் கனமான இடம் பின்னால் வருகிறது. (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்துவிடலாம்.) பள்ளிக்குப் போகப் போக கவின் தமிழை விட்டு நகர்கிறான். அம்மாவின் டப்பா சாப்பாடு அவனுக்குக் கூச்சமாகிறது. வருடங்கள் போகின்றன. வளர்ந்த கவின் ஒருநாள் தனியாக நின்று அதே புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறான். இப்போது வரிகள் அழிந்திருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வரவில்லை. வெண்பாவாக விளையாடும்போது எளிதாக ஓடிய அதே எழுத்து, கவினாக விளையாடும்போது தடுமாறுகிறது.

தன் பெண்களுக்காகக் குகையைத் திரும்பக் கட்டிய குரோதருக்கும், அம்மாவின் கையெழுத்தில் வழி தேடும் கவினுக்கும் நடுவில் 47 வருடம். கவின் அந்தச் சமையலை முடித்த பிறகு எங்கே போகிறான் என்பதுதான் ஆட்டத்தின் கடைசி அத்தியாயம். மொத்தமே ஒன்றரை மணி நேர ஆட்டம். அதை இங்கே சொல்வதாக இல்லை.